இன்னும் ஒரு சுற்று பாக்கி

2012 ஏப்ரல் 29-ஆம் தேதி இரவு. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மைதானத்தில் 5,000 மீட்டர் ஓட்டம். மொத்தம் பன்னிரண்டரைச் சுற்று. லோபெஸ் லொமோங் அதுவரை 1,500 மீட்டரில் பெயர் வாங்கியவர். இந்தத் தூரம் அவருக்குப் புதிது. கடைசிச் சுற்று வந்துவிட்டது என்று நினைத்து, உடம்பில் மிச்சமிருந்ததையெல்லாம் திரட்டிப் பாய்ந்தார். எல்லோரையும் பின்னே விட்டுக் கோட்டைத் தாண்டினார், நின்றுவிட்டார். ஆனால் ஓட்டம் முடிந்திருக்கவில்லை. சுற்றுகளை எண்ணியதில் பிசகிவிட்டது. இன்னும் நானூறு மீட்டர் பாக்கி. விஷயம் புரிந்ததும் மறுபடி ஓடத் தொடங்கினார். துரத்தி வந்தவர்களுக்குப் பிடிகொடுக்காமல் இரண்டாவது முறையாக ஒரு கடைசிச் சுற்றை ஓடி, 13 நிமிடம் 11.63 நொடியில் முதலாவதாக முடித்தார்.

விளையாட்டுப் பக்கங்களுக்கு அது ஒரு வேடிக்கைச் செய்தி. உடலியங்கியல் ஆய்வாளர்களுக்கோ, யாரும் திட்டமிடாமல் தானாக நடந்துவிட்ட பரிசோதனை. இருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டுத்தான் ஒருவர் கோட்டைத் தாண்டுகிறார் என்றால், அதற்குப் பிறகும் ஓடிய அந்த நானூறு மீட்டர் எங்கிருந்து வந்தது?

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இதற்கு இருந்த விடை, தசையைப் பற்றியது. 1922-க்கான நோபல் பரிசு பெற்ற ஆர்ச்சிபால்டு ஹில் என்ற ஆங்கிலேயர், ஓடுபவருக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காதபோது தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது, தசை தோற்கிறது, கால் நிற்கிறது என்று விளக்கினார். எளிய, அழகான விளக்கம். எரிபொருள் தீர்ந்தால் வண்டி நிற்கும் என்பதுபோல் யாருக்கும் புரியும். ஆனால் ஓட்டப் பந்தயங்களைக் கூர்ந்து பார்த்தால் இது இடறுகிறது. ஒரு மைல் ஓட்டம் என்பது நான்கு சுற்று. உலக சாதனை படைத்த மைல் ஓட்டங்களில் மிக மெதுவான சுற்று பெரும்பாலும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருந்திருக்கிறது. கடைசிச் சுற்று மிக மெதுவாக அமைந்தது அபூர்வம். தசைதான் முடிவு செய்கிறது என்றால், அது அதிகமாகக் களைத்திருக்கும் நேரத்தில் வேகம் கூடுவானேன்? இதைப் பிடித்துக்கொண்டு 1990-களில் தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ் ஹில்லின் விளக்கத்தைத் தாக்கினார். உடல் உண்மையில் சேதமடைவதற்கு வெகு முன்பே மூளை கடிவாளத்தை இழுக்கிறது, முடிவுக் கோடு கண்ணில் பட்ட பிறகுதான் தளர்த்துகிறது என்பது அவர் வாதம்.

இத்தாலியில் பிறந்து பிரிட்டனில் ஆய்வு செய்த சாமுவேல் மார்கோரா இன்னும் ஒரு படி மேலே போனார். ரக்பி ஆடும் பத்து இளைஞர்களை நிலையான சைக்கிளில் உட்காரவைத்து, சராசரியாக 242 வாட் ஆற்றலில் இனி முடியாது என்னும் வரை மிதிக்கச் சொன்னார். பத்து நிமிடச் சொச்சத்தில் எல்லோருக்கும் முடியாமல் போனது. முடியாது என்று நிறுத்திய அந்தக் கணத்திலேயே, மூச்சுவிட அவகாசம் தராமல், ஐந்து நொடி மட்டும் முழுப் பலத்தோடு மிதியுங்கள் என்றார். அவர்கள் வெளிப்படுத்திய ஆற்றல் சராசரியாக 731 வாட். 242 வாட்டைத் தாங்க முடியாமல் நிறுத்திய அதே கால்கள் அதைப்போல் மூன்று மடங்கு கொடுத்தன. ஐந்து நொடி வேகத்துக்கும் பத்து நிமிட உழைப்புக்கும் உடலில் எரியும் எரிபொருள் வேறு, இரண்டையும் ஒப்பிடலாமா என்று எதிர்ப்பவர்கள் உண்டு. அந்த எதிர்ப்பில் நியாயமும் உண்டு. ஆனால் ‘முடியவில்லை’ என்ற சொல்லுக்கு முழுப் பொறுப்பையும் தசையின் தலையில் கட்ட முடியாது என்பது நிலைத்துவிட்டது.

மார்கோராவின் 2009-ஆம் ஆண்டுப் பரிசோதனை எனக்கு இதைவிடப் பிடிக்கும். பதினாறு பேர். ஒரு நாள் அவர்கள் தொண்ணூறு நிமிடம் கணினித் திரையில் சலிப்பூட்டும், கவனம் சிதறாமல் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டு சைக்கிள் மிதித்தார்கள். இன்னொரு நாள் அதே நேரம் ஆவணப் படம் பார்த்துவிட்டு மிதித்தார்கள். கணினி வேலை செய்த நாளில் ஏறத்தாழ 15 சதவீதம் முன்கூட்டியே நிறுத்தினார்கள். இதயத் துடிப்பு, ரத்த லாக்டிக் அமில அளவு போன்றவற்றால் அந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை. மாறியது ஒன்றுதான்: எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்ற உணர்வு. அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்துவிட்டு, மாடிப்படி ஏற அலுத்துக்கொள்பவர்கள் வீட்டாரிடம் இனி ஆதாரத்தோடு பேசலாம்.

இன்னொன்று. 2004-இல் பிரிட்டனில் சைக்கிள் வீரர்களுக்கு மாவுச்சத்துக் கரைசலைக் கொடுத்து, வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். விழுங்கக் கூடாது. சுமார் ஒரு மணி நேரப் பந்தயத்தை வெறும் தண்ணீரால் கொப்பளித்த நாளைவிட 2.9 சதவீதம் விரைவாக முடித்தார்கள். ஒரு பருக்கைச் சத்தும் வயிற்றுக்குள் போகவில்லை. வரப்போகிறது என்ற தகவல் மட்டும் நாக்கிலிருந்து மூளைக்குப் போனது. மாதக் கடைசிவரை அரிசி வரவேண்டுமே என்று அளந்து போடும் வீட்டுப் பெண்மணி, ரேஷன் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் அன்றைக்கு ஒரு ஆழாக்கு கூடப் போடுவதைப் போல.

ஆக, விடாமல் தொடர்வதா, விட்டுவிடுவதா என்பதை மூளை ஒரு கணக்காகப் போடுகிறது. எவ்வளவு செலவாகிறது, எவ்வளவு பலன் வருகிறது, இன்னும் எவ்வளவு தூரம். இந்தக் கணக்கு மனிதர்களுக்கு மட்டும் உரியதல்ல. அதன் இயந்திரத்தை அருகில் வைத்துப் பார்க்க முடிந்தது ஒரு மீனில்.

வரிக்குதிரை மீனின் குஞ்சு அரை செண்டிமீட்டர்கூட இருக்காது. உடல் கண்ணாடி போல இருக்கும். மண்டைக்குள் நரம்பணுக்கள் மின்னுவதை நுண்ணோக்கியில் நேராகப் பார்க்கலாம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஜானிலியா ஆய்வு வளாகத்தில் மீஷா ஆரன்ஸ் குழுவினர், 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் குஞ்சை ஓரிடத்தில் அசையாமல் பொருத்திவைத்து அதன் கீழே நகரும் கோடுகளைத் திரையிட்டார்கள். மீன் நீந்த முயன்றால் கோடுகள் பின்னால் போகும். முன்னேறுகிறோம் என்று மீன் நம்பும். பிறகு அந்தத் தொடர்பைத் துண்டித்தார்கள். என்ன முயன்றாலும் கோடுகள் அதற்கேற்ப நகரவில்லை. மீன் முதலில் இன்னும் பலமாக நீந்தப் பார்த்தது. கொஞ்ச நேரம் போராடியது. அப்புறம் நிறுத்திவிட்டது. சிறிது ஓய்ந்துவிட்டு மறுபடி முயன்று, மறுபடி நிறுத்தியது.

நிறுத்து என்ற உத்தரவு எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது கிடைத்த விடை பலருக்கு வியப்பு. ஒவ்வொரு வீண் முயற்சியின்போதும் நார்அட்ரினலின் சுரக்கும் நரம்பணுக்கள் துடிக்கின்றன; அந்தத் துடிப்புகள் கிளியா செல்களில் கால்சியமாகச் சேர்ந்துகொண்டே போகின்றன; ஓர் அளவைத் தாண்டியதும் நீச்சல் அடங்குகிறது. கிளியா செல்கள் நெடுங்காலம் நரம்பணுக்களுக்கு முட்டுக்கொடுக்கும் எடுபிடிகளாகக் கருதப்பட்டவை. இங்கே அவைதான் கணக்குப்பிள்ளை. அந்தக் கிளியாக்களைச் செயலிழக்கச் செய்தபோது மீனுக்குக் கைவிடத் தெரியவில்லை; பலன் இல்லாத நீச்சலைத் தொடர்ந்துகொண்டிருந்தது. செயற்கையாகத் தூண்டியபோது போராடாமலேயே ஓய்ந்தது.

கவனியுங்கள்: கைவிடுவதற்குத்தான் இங்கே தனி இயந்திரம் இருக்கிறது. அது பழுதான மீனை வீரமீன் என்று யாரும் பாராட்டமாட்டார்கள். எதிரோட்டத்தில் வீணாக நீந்திச் சக்தியை இழக்கும் மீன் வெகுநாள் வாழாது.

நாயிலும் எலியிலும் இந்தக் கதை இன்னும் நீளமானது, கொஞ்சம் கசப்பானதும்கூட. 1967-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு இளைஞர்கள் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். முதல் நாய் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நிற்கும். இரண்டாவது நாய்க்கும் அதே அளவு அதிர்ச்சி, அதே நேரம். ஆனால் அது என்ன செய்தாலும் நிற்காது, முதல் நாய் அழுத்தினால்தான் நிற்கும். மூன்றாவது நாய்க்கு எதுவும் இல்லை. மறுநாள் மூன்றையும் ஒரு குட்டைத் தடுப்பைத் தாண்டினால் தப்பித்துவிடலாம் என்ற பெட்டியில் விட்டார்கள். முதலாவதும் மூன்றாவதும் சீக்கிரமே தாண்டக் கற்றுக்கொண்டன. இரண்டாவது வகை நாய்களில் பெரும்பாலானவை படுத்துவிட்டன. ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்ற பெயரில் இது உலகப் புகழ்பெற்றது. எதுவும் பலிக்காது என்று அந்த நாய்கள் கற்றுக்கொண்டுவிட்டன என்பது விளக்கம். ஐம்பது வருடம் உளவியல் பாடப் புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது.

மேயர் பிறகு கொலராடோவுக்குப் போய் நரம்பியலாளர் ஆனார். எலிகளின் மூளைக்குள் அதே கேள்வியைத் துரத்திக்கொண்டு பல பத்தாண்டுகள் போனார். கண்டது இது: நெடிய துன்பம் வந்தால் மூளைத்தண்டில் இருக்கும் ஒரு சிறு செரோட்டோனின் மையம் கிளர்ந்தெழுகிறது, விலங்கு அடங்கி ஒடுங்குகிறது. இதற்குக் கற்றல் எதுவும் வேண்டாம். ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் அதிர்ச்சி நிற்கும் என்ற நிலையில் இருக்கும் எலியில் மட்டும், மூளையின் முன்பகுதி, நெற்றிக்குப் பின்னால் உள்ள புறணியின் உட்பாகம், ‘இது என் கையில் இருக்கிறது’ என்பதைக் கண்டுகொண்டு அந்தச் செரோட்டோனின் மையத்தை அமர்த்துகிறது. 2005-இல் வெளிவந்த பரிசோதனையில் இந்த முன்புறணியை மட்டும் மருந்தால் உறங்கவைத்தார்கள். எலி சக்கரத்தைச் சுழற்றியது, அதிர்ச்சியும் நின்றது. ஆனால் பின்விளைவு, கட்டுப்பாடே இல்லாத எலிக்கு வருவதைப் போலவே வந்தது. விசை கையில் இருந்தது, கையில் இருக்கிறது என்று மூளைக்குத் தெரியவில்லை.

2016-இல் செலிக்மனும் மேயரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் தங்கள் பழைய கொள்கையைத் தாங்களே கவிழ்த்தார்கள். கையறுநிலை கற்றுக்கொள்ளப்படுவதல்ல, அதுதான் பிறவியிலேயே வந்த இயல்பு. கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது கட்டுப்பாட்டை. அரை நூற்றாண்டுப் புகழைத் தந்த கொள்கையைத் தலைகீழாக்கி அச்சிட ஒரு தெம்பு வேண்டும். விடாமுயற்சிக்கு உதாரணம் தேடுகிறவர்கள் இவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் நமக்கு மிகவும் வேண்டிய பகுதி ஒன்று உண்டு. ஒருமுறை சக்கரம் சுழற்றித் தப்பிய எலி, பிறகு எந்த விசையும் இல்லாத துன்பத்தில் மாட்டினாலும் ஒடுங்குவதில்லை. முன்புறணி பழைய பாடத்தை நினைவில் வைத்துக்கொண்டு பழையபடி வேலை செய்கிறது. தடுப்பூசி போல என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். துன்பத்தின் அளவு இரண்டு எலிக்கும் ஒன்றுதான். உரமேற்றியது துன்பம் அல்ல, துன்பத்துக்கு நடுவே கையில் இருந்த சக்கரம்.

இந்த வெளிச்சத்தில்தான் லொமோங்கின் பால்யத்தைப் பார்க்க வேண்டும். இப்போது தெற்கு சூடானாக இருக்கும் பகுதியில் கிமோட்டோங் என்ற கிராமம். ஆறு வயதில், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இருந்தபோது ஆயுதக் குழு ஒன்று அவரையும் மற்றப் பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு போனது. பெரியவர்களைப் படைக்கு எடுத்துக்கொண்டு, சிறியவர்களைச் சாக விட்டார்கள். சில வாரங்கள் கழித்து அவரைவிட மூத்த மூன்று பையன்கள் வேலியில் இருந்த ஓட்டை வழியே அவரையும் இழுத்துக்கொண்டு தப்பினார்கள். மூன்று நாள் ஓடினார்கள். எல்லையைத் தாண்டி கென்யாவில் பிடிபட்டு, கடைசியில் கக்குமா அகதி முகாமில் வந்து சேர்ந்தார். பத்து வருடம் அங்கே. ஊரில் அவர் இறந்துவிட்டதாக நினைத்துக் குடும்பத்தார் ஈமச்சடங்கே செய்து முடித்திருந்தார்கள்.

கக்குமா கென்யாவின் வடமேற்கில், துர்க்கானா என்ற வறண்ட பூமியில், 1992-இல் உருவான முகாம். அங்கே ஒரு சிறுவனின் கையில் என்ன இருக்கிறது? சாப்பாடு எப்போது வரும் என்பது அவன் கையில் இல்லை. பெரும்பாலும் நாளுக்கு ஒரு வேளை. எந்த நாடு தன்னை எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளுமா என்பதும் இல்லை. ஆனால் பையன்கள் தங்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தார்கள்: கால்பந்து ஆட வேண்டுமானால் முதலில் முகாமை ஒரு சுற்று ஓடி வர வேண்டும். சுற்று என்றால் சுமார் 30 கிலோமீட்டர். விளையாட வருபவர்களின் கூட்டத்தைக் குறைக்கப் பெரிய பையன்கள் கண்டுபிடித்த தந்திரமாக இருந்திருக்கும். லொமோங் தினமும் ஓடினார். பசியை மறக்க ஓடியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முழுக்க முழுக்க யார் யாரோ முடிவு செய்யும் ஒரு வாழ்க்கையில், ஓடினால் ஆட்டத்தில் சேர்ப்பார்கள் என்பது மட்டும் தவறாமல் பலித்தது. எலி சுழற்றிய சக்கரம் அவருக்கு இந்தச் சுற்று என்று நான் வாசிக்கிறேன். அவர் மூளையை யாரும் படம்பிடித்துப் பார்த்ததில்லை. இது என் ஊகம்தான். ஆனால் பத்து வருடத் துன்பம் அவரைப் பக்குவப்படுத்தியது என்று சொல்வதைவிட இது பொருத்தமான ஊகம்.

2000-ஆம் ஆண்டு, ஐந்து ஷில்லிங் கொடுத்து, எட்டு கிலோமீட்டர் நடந்து போய், கார் பேட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளை டி.வி.யில் சிட்னி ஒலிம்பிக்கைப் பார்த்தார். மைக்கேல் ஜான்சன் 400 மீட்டர் தங்கம் வாங்கி மேடையில் கண் கலங்கினார். மறுவருடம் அமெரிக்காவின் அகதிகள் திட்டத்துக்குத் தன் கதையைக் கட்டுரையாக எழுதிக் கொடுத்து, தேர்வாகி, நியூயார்க் மாநிலத்தில் டல்லி என்ற சிற்றூரில் ஒரு வளர்ப்புக் குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தார். மின்விளக்கை எப்படி அணைப்பது என்று தெரியாமல் முதல் இரவு வெளிச்சத்திலேயே தூங்கினார். 2007 ஜூலையில் குடியுரிமை. பதின்மூன்று மாதம் கழித்து, 2008 ஆகஸ்ட் 8 அன்று, பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியை ஏந்தி முன்னால் நடந்தவர் அவர்.

இப்படிப்பட்ட கதைகளை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. சேலம் பக்கத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவின் கதையையும் அப்படித்தான் சொல்லுகிறோம்: ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது, 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம். நடுவில் என்ன நடந்தது என்பதைத் தாண்டிப் போய்விடுகிறோம். நடுவில், காலைப் பார்த்து ஒதுக்காமல் உயரம் தாண்டிப் பார் என்று சொன்ன ஒரு பள்ளி பி.டி. மாஸ்டர் இருந்தார். குறுக்குக் கம்பி நேர்மையானது. தாண்டினால் நிற்கும், தட்டினால் விழும். பரிதாபப்பட்டு இறங்கியும் வராது, ஏளனம் செய்து ஏறியும் போகாது. முயற்சிக்கும் பலனுக்கும் இவ்வளவு நெருக்கமான தொடர்பு வாழ்க்கையில் வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காது. விளையாட்டுக்கு உள்ள தனிச்சிறப்பு அதுதான் என்று தோன்றுகிறது. அது குணத்தை வளர்க்கிறது என்று எல்லோரும் சொல்வது இருக்கட்டும், முதலில் அது கணக்கைத் தெளிவாகக் காட்டுகிறது.

லொமோங் ஒரு குடியேறியும்கூட. இனிக் குடியேறிகள் விஷயத்துக்கு வருவோம். அவர்கள் நம்மைவிட உறுதியானவர்கள் என்ற எண்ணத்தில் ஒரு பாதி, பொறுக்கியெடுத்ததால் வந்த தோற்றம். அமெரிக்காவிலும் கனடாவிலும் புதிதாக வந்தவர்கள் அங்கேயே பிறந்தவர்களைவிடச் சராசரியாக ஆரோக்கியமாக இருப்பது நெடுநாளாகத் தெரிந்த சங்கதி. வருடங்கள் போகப் போக அந்த மேன்மை தேய்வதும் தெரிந்ததே. நோயாளிகளும் துணிவற்றவர்களும் பெரும்பாலும் புறப்படுவதில்லை, அவ்வளவுதான். சூடான் போரில் அனாதைகளாக அலைந்த சிறுவர்கள் ஏறத்தாழ 20,000 பேர் என்பார்கள். அமெரிக்காவுக்குப் போக முடிந்தவர்கள் நாலாயிரத்துக்கும் குறைவு. இன்றும் உலக அகதிகளில் ஓர் ஆண்டில் மூன்றாம் நாடொன்றில் குடியமர்த்தப்படுபவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. போக முடியாதவர்களிடம் விடாமுயற்சி இல்லை என்று சொல்ல நமக்கு என்ன ஆதாரம்?

மறுபாதியை ரான் அப்ரமிட்ஸ்கி, லியா பௌஸ்டன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். நூற்றாண்டுக்கும் மேலான அமெரிக்கப் பதிவேடுகளிலிருந்து பத்து லட்சக்கணக்கான தந்தை–மகன் ஜோடிகளை இணைத்துப் பார்த்தார்கள். ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகள், அதே வருமானமுள்ள உள்ளூர்க்காரர்களின் பிள்ளைகளைவிட மேலே போகிறார்கள். ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த காலத்திலும் அப்படித்தான், மெக்சிகோவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வரும் இந்தக் காலத்திலும் அப்படித்தான். காரணம் என்ன? இரத்தத்தில் ஊறிய உழைப்பு என்று பதில் சொல்லத் துடிக்கும் நாக்கை அடக்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் கண்ட முக்கியமான காரணம் பூகோளம். வேரில்லாத குடியேறி, பிள்ளைகளுக்கு வழியுள்ள ஊராகப் பார்த்து இறங்குகிறார். உள்ளூர்க்காரர் பிறந்த மண்ணை விட்டு அசைவதில்லை. சொந்த ஊரை விட்டு வெளியூர் போன உள்ளூர்க்காரரின் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. இன்னொன்று, டாக்சி ஓட்டும் அப்பா அவர் நாட்டில் பொறியாளராக இருந்திருக்கலாம். அவர் வருமானம் அவர் திறமையைக் காட்டுவதில்லை. இதனால் குடியேறியின் மதிப்பு குறைகிறது என்று நான் நினைக்கவில்லை. முயற்சி பலிக்கும் இடத்துக்கு இடம்பெயர்வதும் முயற்சியின் ஒரு வகைதான், அதிலும் மிகக் கடினமான வகை.

கஷ்டப்பட்டால்தான் உறுதி வரும் என்ற பழைய நம்பிக்கையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 2010-இல் மார்க் சீரி குழுவினர் 2,398 அமெரிக்கர்களிடம் அவர்கள் வாழ்நாளில் பட்ட துன்பங்களைக் கேட்டறிந்து சில வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். துன்பமே படாதவர்களைவிட ஓரளவு பட்டவர்கள் மன அமைதியோடு இருந்தார்கள். நிறையப் பட்டவர்கள் எல்லோரையும்விட மோசமாக இருந்தார்கள். பிள்ளைகளைப் பாலைவனத்துக்கு அனுப்பும் உத்தேசம் யாருக்காவது இருந்தால் கைவிடலாம். விடாப்பிடியைக் குறிக்க ‘கிரிட்’ என்று சில வருடங்களுக்கு முன் பெற்றோர் கூட்டங்களில் அடிபட்ட சொல்லைப் பற்றியும் அதிகம் பேச ஒன்றுமில்லை; பின்னால் வந்த தொகுப்பாய்வுகள் அது பெரும்பாலும் உளவியலாளர்கள் முன்பே அறிந்த பொறுப்புணர்வு என்ற குணத்தின் மறுபெயர் என்று காட்டிவிட்டன.

உறுதி என்ற உணர்வுக்கே மூளையில் ஓர் இருப்பிடம் உண்டா என்ற கேள்வி மட்டும் சுவையானது. 2013-இல் ஸ்டான்ஃபோர்டில், வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த இரண்டு நோயாளிகளுக்கு, மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய சிங்குலேட் புறணியில் ஒரு புள்ளியில் மெல்லிய மின்சாரம் செலுத்தினார்கள். இருவரும் கிட்டத்தட்ட ஒன்றையே சொன்னார்கள்: ஏதோ ஒரு கஷ்டம் எதிரே வருகிறது, ஆனால் அதைக் கடந்தே தீர வேண்டும் என்ற உந்துதலும் சேர்ந்து வருகிறது. ஒருவர் அதைப் புயலுக்குள் வண்டி ஓட்டுவதோடு ஒப்பிட்டார். சில மில்லிமீட்டர் தள்ளிச் செலுத்தினால் எதுவும் தோன்றவில்லை. மின்சாரம் செலுத்துவதாகப் பாவனை செய்தபோதும் தோன்றவில்லை. இரண்டே இரண்டு பேர் என்பதால் கோட்டை கட்ட வேண்டாம். ஆனால் கஷ்டம் என்ற உணர்வும் கடப்பேன் என்ற உணர்வும் ஒரே கம்பியில் பிணைந்து கிடப்பது, ஓட்டக்காரர்களைக் கேட்டால் அவர்களுக்கு ஆச்சரியமாக இராது.

மீனின் கிளியாவை மறந்துவிடக் கூடாது. கார்ஸ்டன் ராஷ் என்ற, கனடாவில் ஆய்வு செய்யும் உளவியலாளரும் சகாக்களும் பல வருடங்களாகக் காட்டிவருவது இது: எட்டவே முடியாத இலக்கை விட்டுவிடத் தெரிந்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவு, உடல் அழற்சியைக் காட்டும் ரத்தக் குறியீடுகளும் நிதானமாக இருக்கின்றன, அதுவும் வேறொரு இலக்கைப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. லொமோங் கால்பந்துக்காகத்தான் ஓடத் தொடங்கினார், கால்பந்தை விட்டார். பெய்ஜிங்கில் 1,500 மீட்டர் அரையிறுதியோடு வெளியேறினார்; பிறகு அந்தத் தூரத்தையும் விட்டு 5,000-க்கு வந்தார், லண்டன் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் பத்தாவது இடம். அதற்கும் பிறகு 10,000. 2019-இல், 34 வயதில், தோஹா உலகப் போட்டியில் 27 நிமிடம் 4.72 நொடியில் ஏழாவதாக வந்தார். அந்தத் தூரத்தில் அதுவரை அவர் ஓடியதில் அதுவே விரைவானது. விடாப்பிடிக்காரரின் வரலாற்றைப் பிரித்துப் பார்த்தால் வரிசையாக எதையாவது விட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

கக்குமாவில் அவர் விட்டுவந்த பையன்களின் சங்கதி என்ன? ஒலிம்பிக்கில் ஓட ஒரு நாட்டின் ஒலிம்பிக் குழு அனுப்பி வைக்க வேண்டும். அகதியை அனுப்ப நாடு கிடையாது. முகாமில் யார் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்த ஓட்டம் போய்ச் சேர ஓர் இடம் இல்லை. கோடுகள் நகராத தொட்டிதான். 2015-இல் நிலைமை மாறியது. அகதிகளுக்கென்று ஓர் அணி அமைக்கச் சர்வதேச ஒலிம்பிக் குழு ஆலோசித்தபோது, டெக்லா லோரூப்பேயின் அறக்கட்டளை கக்குமாவில் தேர்வு ஓட்டங்கள் நடத்தியது. லோரூப்பே 1994-இல் நியூயார்க் மாரத்தானை வென்ற முதல் ஆப்பிரிக்கப் பெண். கென்யாவின் அதே வறண்ட வடமேற்கைச் சேர்ந்தவர். வந்தவர்களில் பலரிடம் ஓட்டக் காலணிகூட இல்லை. முறையான பயிற்சி என்றால் என்னவென்று தெரியாது. ரோஸ் நத்திகே லொகொன்யென் என்ற பெண், பள்ளியில் ஆசிரியர் சொன்னார் என்பதற்காக முதல்முறையாகப் பத்துக் கிலோமீட்டர் ஓடி இரண்டாவதாக வந்தவர். தேர்வானவர்களை நைரோபிக்கு அருகே ங்கோங் மலைப்பகுதிக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தார்கள்.

2016-இல் ரியோவுக்குப் போன அகதிகள் அணியில் மொத்தம் பத்துப் பேர். அவர்களில் ஐந்து பேர் கக்குமாவிலிருந்து வந்த தெற்கு சூடான் ஓட்டக்காரர்கள். கொடி ஏந்தியவர் ரோஸ். ஒரே முகாமில், ஒரே வருடத்துத் தேர்வில் கிடைத்தவர்கள் ஐந்து பேர். அதற்கு முன்னால் இருபத்துச் சொச்ச வருடங்கள் அதே மண்ணில் ஓடித் திரிந்தவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதை இனி யாரும் எண்ண முடியாது.

ரியோவில் ஐவரும் தகுதிச் சுற்றோடு திரும்பினார்கள். பதக்கப் பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு அவர்கள் கண்ணில் படமாட்டார்கள். ஐந்து வருடம் கழித்து டோக்கியோவில் அவர்களில் நான்கு பேர் மறுபடி ஓடினார்கள். ஜேம்ஸ் ங்யாங் சியெங்ஜியெக் 800 மீட்டர் தகுதிச் சுற்றில் இடறி விழுந்தார். எழுந்து கடைசியாக ஓடி முடித்தார். முறையீட்டை ஏற்ற நடுவர்கள் அவரை அரையிறுதியில் ஓட அனுமதித்தார்கள்.